கறுப்புக் கட்டம் போட்டால் மறைந்துவிடுமா?

அரசு ஆவணத்தை வெளியிடும்போது பெயர், முகவரி, போன் நம்பர் மேலே ஒரு கறுப்புக் கட்டம் வரைந்துவிட்டு, மறைத்தாச்சு என்கிறார்கள். எங்கே மறைந்தது? பிடிஎஃப்பில் கட்டம் மேலே, எழுத்து அடியில் அப்படியே கிடக்கிறது. அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, நோட்பேடில் பேஸ்ட் செய்தால் மொத்தமும் வந்து விழும். ஸ்கேன் செய்த பக்கத்தையும் நம்ப முடியாது. படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் ஓட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு உள்ளே இருக்கும். எக்செல்லில் ஒளித்த நெடுவரிசையும் அப்படித்தான்: ரைட் கிளிக், அன்ஹைட், முடிந்தது.

எழுத்தையே நீக்கும் ரிடாக்ட் கருவியில் குறித்து, மறக்காமல் அப்ளை கொடுத்து, கோப்பைப் பற்றி உள்ளே பதிந்திருக்கும் விவரங்களான மெட்டாடேட்டாவையும் அழிக்க வேண்டும். பிறகு அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு வெளியிடட்டும். இதைச் செய்யச் சோம்பல்பட்டு, சிலர் பக்கம் முழுக்கக் கறுப்படித்து டெண்டர் தொகையையும் சேர்த்து மறைக்கிறார்கள். பொதுப்பணம் யாருடைய அந்தரங்கம்?