பல்லவி என்ற ஊரில் என் பெரியம்மா காலமான கதை

"கேட்டனான்ரா, மூண்டு தரமும் கேட்டனான். பேர் சரி. ஆனால் பல்லவியில இருந்த மனுசி எண்டெல்லோ சொன்னவன். எங்கட மனுசி மல்லாவி. நான் நினைச்சன், பிரான்சிலயோ கனடாவிலயோ அப்பிடி ஓர் ஊர் இருக்குமாக்கும், ஆரோ பாவம், போய்ச் சேந்திட்டுது எண்டு."

இது அடம்பன் மாமா. ஒன்றுவிட்ட முறை. நேற்று பெரியம்மாவின் எட்டுச்செலவுக்கு, அதுதான் செத்த எட்டாம் நாள் படையலுக்கு, வந்தவர் படலையைத் திறக்கும்போதே முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் வந்தார். தேத்தண்ணி நீட்டினால் வாங்கவில்லை, கதிரை போட்டால் இருக்கவில்லை. இந்த வீட்டுக் கலியாணம் எல்லாவற்றுக்கும் முதல் நாளே வந்து பந்தலுக்குக் கிடங்கு வெட்டிய மனிதர், செத்தவீட்டுக்கு மட்டும் வரவில்லை. ஏனென்றால் கொழும்பில் ஏசி அறைக்குள் இருந்து ரேடியோவில் மரண அறிவித்தல் வாசிக்கிற ஒரு தம்பிக்கு, வன்னியில் இருக்கிற எங்கள் மல்லாவியின் மானாவுக்கும் பானாவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மாமாவுக்கு ஏன் போன் அடிக்கவில்லை என்று கேட்காதீர்கள். அக்கா அடித்திருப்பாள் என்று நான் இருந்தேன், நான் அடித்திருப்பேன் என்று அக்கா இருந்தாள், எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். அப்படி விடுபட்டுப் போகிறவர்களுக்காகத்தானே ரேடியோவில் மரண அறிவித்தல் என்று ஒன்று இருக்கிறது! வயலுக்குள் நிற்கிறவரும் மாடு சாய்க்கப் போனவரும் ரீலோட் போடாத பட்டன் போனோடு இருக்கிறவரும் கேட்கட்டும் என்றுதானே ஒரு மூடை நெல்லுக் காசைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம்.

கொட்டின கதையையும் சொல்லவேண்டும். வியாழன் இரவு பெரியம்மா கண்ணை மூடினார். வெள்ளி விடியவே கொழும்பு நம்பருக்கு அடித்தேன். முதலில் சிங்களத்தில் ஒரு பாட்டம், பிறகு ஆங்கிலத்தில் ஒரு பாட்டம், கடைசியாகத் தமிழுக்கு மூன்றை அழுத்தவும். அழுத்தினால் ஒரு துள்ளல் இசை. செத்தவீட்டு முற்றத்தில் நின்று அதை ஆறு நிமிடம் கேட்டேன். பிறகு ஒரு பிள்ளை வந்து, வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள், பாங்கில் காசைப் போட்டுத் துண்டைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றது. எல்லாம் அனுப்பினோம். மகள்தான் எழுதினாள், தமிழில் திறமைச் சித்தி எடுத்த பிள்ளை, ஒரு கொம்பு கால் பிழைக்கவில்லை. இப்பவும் போனில் அப்படியே இருக்கிறது, இரண்டு நீலச் சரியோடு: புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் மல்லாவியை வதிவிடமாகவும் கொண்ட.

மத்தியானம் முதல் தரம் போனது. அதற்கு முன்னால் நகைக்கடை விளம்பரம். பிறகு அந்தச் சோக வயலின். வீடு முழுக்க மூச்சுக் காட்டாமல் இருக்கிறது. "புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், பல்லவியை வதிவிடமாகவும் கொண்ட..." அக்கா என்னைப் பார்த்தாள். நான் ரேடியோவைப் பார்த்தேன். "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்" என்று முடித்து, அந்த 'றோம்' காற்றில் நிற்கும்போதே பிஸ்கட் விளம்பரத்தில் ஒரு குழந்தை கெக்கட்டமிட்டுச் சிரித்தது. புங்குடுதீவில் பிறந்து பல்லவியில் வாழ்ந்தவருக்கு அனுபல்லவியில் தகனக்கிரியை, சரணத்தில் எட்டுச்செலவு என்றும் வாசித்திருந்தால் ஒரு முறைப்படி போயிருக்கும்.

சரி, பிழை வருகிறதுதான். திருத்தலாம்தானே? விளம்பரப் பிரிவுக்கு அடித்தால், அது ரெக்கோட் பண்ணினது, ஸ்டூடியோவில்தான் கேட்கவேண்டும் என்றார்கள். ஸ்டூடியோ நம்பர் எது என்றால், நேயர்கள் பாட்டுக் கேட்கிற அதே நம்பர். அடித்தேன். எங்கேஜ். இப்படி 22 தரம். நாலு மணிக்கு இரண்டாம் தரமும் பல்லவி போய்விட்டது. 23ஆம் தரம் எடுபட்டது.

"வணக்கம் நேயரே! இனிய மாலை வேளையில எங்கிருந்து பேசுறீங்க?"

"மல்லாவியில இருந்து. தம்பி, ஒரு பிழை..."

"வாவ், பல்லவி! ஊர்ப் பெயரே பாட்டு மாதிரி இருக்கு! சொல்லுங்க, என்ன பாட்டு வேணும்?"

"எனக்குப் பாட்டு வேண்டாம் தம்பி. இது என்ர பெரியம்மான்ர விசயம்."

"ஓ, பெரியம்மாவுக்காகவா! சோ ஸ்வீட்! பெரியம்மா இப்ப என்ன பண்றாங்க?"

அந்த நேரத்தில்தான் குசினிக்குள் இருந்த ரேடியோவில் என் குரலே இரண்டு மூன்று செக்கன் பிந்தி எனக்குக் கேட்கிறது. தம்பி என்னை நேரடி ஒலிபரப்பில் விட்டிருக்கிறார். இலங்கை முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. முன்னால் விறாந்தையில் பெட்டிக்குள் பெரியம்மா, தலைமாட்டில் குத்துவிளக்கு. பெரியம்மா இப்ப என்ன பண்றாங்க என்றால் நான் என்ன சொல்ல?

"படுத்திருக்கிறா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த எட்டு நாளாக யோசிக்கிறேன். "ரெஸ்ட் எடுக்கிறாங்க! எடுக்கட்டும், எடுக்கட்டும்! ரேடியோ சவுண்டக் கொஞ்சம் குறைச்சுக்குங்க நேயரே" என்றார். "தம்பி, அவா செத்துப்..." என்று நான் தொடங்க, அவர்களுடைய நிலையத்துப் பெயரை ஏழு பேர் சேர்ந்து பாடுகிற அந்தச் சத்தம் என் வாயை அடைத்தது. பிறகு, "பல்லவியில் ஓய்வெடுக்கும் அன்புப் பெரியம்மாவுக்காக இதோ" என்று ஒரு குத்துப்பாட்டு. பிரேதத்தைச் சுற்றி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த கிழவிகள் நிறுத்திவிட்டார்கள். ஒருவர் சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்தார், மற்றவருக்குத் தோள் குலுங்கியது. அழுகைதான் என்று நம்புவோம்.

ஏழு மணிக்கு மூன்றாம் தரமும் பல்லவி. காசு கட்டிய கணக்கு நேர்.

ஆத்திரத்தில் அடுத்த அலைவரிசைக்குத் திருப்பினேன். அதே குத்துப்பாட்டு, நாலு வரி பிந்தி. அதற்கடுத்ததில் காலி வீதி வெள்ளவத்தையில் வாகன நெரிசல், மாற்றுப் பாதையைப் பயன்படுத்துங்கள் என்கிறார்கள். நன்றி ஐயா. மாங்குளத்தில் ஏ9 ஐ விட்டு மேற்கே திரும்பி மல்லாவிக்கு வருகிற தெருவில் எங்களுடைய நெரிசல் மாடு, சில இரவில் யானை. யானைக்கு ஒரு நாளாவது மாற்றுப் பாதை சொல்லியிருக்கிறீர்களா?

இதைப் புலம்பினால், வவுனியா பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கிற மருமகன் எனக்குப் பாடம் எடுக்கிறான். செத்தவீட்டில், கடதாசி விளையாட்டுக்கு நடுவில். ஸ்ரெய்னர் என்று ஒரு பொருளியல்காரர் 1952இலேயே இதை எழுதிவிட்டாராம். நூறு பேரில் 80 பேருக்குச் சினிமாப் பாட்டு, 20 பேருக்கு வேறு ஏதோ பிடிக்கும் என்று வையுங்கோ மாமா, மூன்று ரேடியோ போட்டி போட்டால் மூன்றும் சினிமாப் பாட்டுத்தான் போடும், ஏனென்றால் 80ஐ மூன்றாகப் பிரித்தாலும் ஆளுக்கு 26 தேறும், அது 20ஐ விடக் கூட. மூன்றும் ஒரே முதலாளியின் கையில் இருந்தால் ஒன்றை அந்த 20 பேருக்கு ஒதுக்க அவருக்கு மனம் வரும். அப்ப முதலாளி ஒருவர் இருந்தால் நல்லதோ என்றேன். அதுவும் இல்லை மாமா என்று அமெரிக்கக் கதைக்குப் போனான்.

அங்கே 1996இல் ஒரு சட்டம் வந்து, நாடு முழுக்க ஒருவர் 40 நிலையம்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பைத் தூக்கியதாம். கொஞ்சக் காலத்தில் கிளியர் சனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் 1200க்கு மேல். வடக்கு டக்கோட்டாவில் மைனொட் என்று ஒரு ஊர். 2002 ஜனவரி 18, பனிக்கால நடு இரவு, ரயில் தடம் புரண்டு அமோனியா வாயு ஊருக்குள் பரவுகிறது. பொலிஸ் ரேடியோவுக்கு அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை. ஊரில் வர்த்தக ரேடியோ ஆறு, ஆறும் அந்த ஒரே நிறுவனம். ஒருவர் செத்துப்போனார். எங்கள் ஆள் உள்ளேதான் இருந்தார், பொலிசுக்குத்தான் அவசர அறிவிப்புக் கருவியைப் பாவிக்கத் தெரியவில்லை என்று நிறுவனம் சொன்னதாம். சொல்லும், ஏன் சொல்லாது. பிறகு அதே நிறுவனம் பெயரையும் மாற்றி, 2000 கோடி டொலர் கடனோடு 2018இல் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோசம். ஆனால் பொலிஸ் அடித்தும் எடுக்கவில்லை என்பது என் நெஞ்சில் தைத்துவிட்டது. நானாவது 23ஆம் தரம் ஒரு ஆளைப் பிடித்தேன்.

இங்கே உச்சவரம்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தொண்ணூறுகள் வரை அரசாங்க ரேடியோ மட்டும்தான். பிறகு தனியாருக்குக் கொடுத்தார்கள், எப்படி? 1966ஆம் ஆண்டு 37ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44ஆம் பிரிவில், அமைச்சர் கொடுக்கிற உரிமம். ரேடியோ கொழும்பில் ஒன்றே ஒன்று இருந்த காலத்துச் சட்டம். 1997இல் ஒலிபரப்பு அதிகார சபை என்று ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார்கள், அது அரசாங்கத்தின் கைப்பிள்ளையாக இருக்கும் என்று உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரண் என்றது. சரியான தீர்ப்புத்தான். அதன்பிறகு யாரும் உருப்படியாக ஒன்றைக் கொண்டுவரவில்லை, ஒரே நிறுவனம் சிங்களத்தில் இரண்டு, ஆங்கிலத்தில் இரண்டு, தமிழில் ஒன்று என்று கறிச்சட்டி மாதிரி அடுக்கி வைத்திருக்கிறது. போட்டியாம் போட்டி. போட்டி முழுக்கக் கொழும்பு விளம்பரக் கொம்பனியின் மேசைக்கு. சவர்க்காரமும் பால்மாவும் எங்களுக்கும்தான் விற்கிறார்கள், அதே விலைக்கு, ஆனால் மல்லாவியை மல்லாவி என்று வாசிக்க ஓர் ஆளை வைக்கக் காசு இல்லை. டித்வா புயல் அடித்த 2025 நவம்பரில் சிக்னல் செத்துப் போன் வெறும் ரோச் லைற்றாகக் கிடந்தபோது எந்தக் குளம் எந்த மட்டம் என்று பற்றரி ரேடியோவைக் காதுக்குள் வைத்துக்கொண்டு இருந்த சனம் நாங்கள். அதுவும் பல்லவிக்குளம் என்று போயிருந்தால்?

எனக்கு எரிகிற இடம் வேறு. சண்டைக் காலத்தில் வன்னிக்குள் மின்சாரம் இல்லை, பற்றரி தடைப்பட்ட சாமான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஆட்கள் இது வாசிக்கிறவர்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். எங்கள் வீட்டில் பெடல் சுற்றுவது பெரியம்மா, கேட்பது பெரியப்பா. கை உளைந்து வேகம் குறைந்தால் பிபிசி தமிழோசையில் செய்தி வாசிக்கிறவரின் குரலும் அப்படியே இறங்கிப் போகும், பெரியப்பா "சுத்தப்பா, சுத்து" என்று கத்துவார். சிற்றலையில், அந்த இரைச்சலுக்குள், லண்டனில் இருந்த மனிதர்கள் மாங்குளம், மல்லாவி, துணுக்காய் என்று ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தார்கள். 2017இல் அந்தச் சிற்றலையும் நின்றுபோய்விட்டது. இப்ப பண்பலை, ஸ்டீரியோ, கண்ணாடி மாதிரித் தெளிவு. அவ்வளவு தெளிவாகப் பல்லவி என்று கேட்கிறது.

இதையெல்லாம் நேற்று மாமாவுக்கு நின்று விளங்கப்படுத்துகிறேன். வாட்ஸ்அப்பைக் காட்டினேன், துண்டைக் காட்டினேன், ஸ்ரெய்னரையும் மைனொட்டையும் கூட இழுத்தேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப அண்டைக்குப் படுத்திருக்கிறா எண்டு சொன்னது நீயோடா?" என்றார். அந்தக் குத்துப்பாட்டையும் கேட்டிருக்கிறார். அது யாரோ விசரன் என்று நினைத்தாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது, தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார்.

நாங்கள் இப்படி நின்று சிரிக்க, பின்னால் படையலில் கை வைத்துவிட்டது குரங்கு. வாழைப்பழச் சீப்பு முழுசாகப் போய்விட்டது, வடையில் பாதி. இந்தக் குரங்குகளைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவு வேண்டும், ஒரு தேங்காய் மிச்சம் இல்லை, ஓட்டில் ஏறி ஓடி மழைக்கு வீடு ஒழுகுகிறது, அரசாங்கம் செய்தது என்ன? 2025 மார்ச் 15 காலை 8 மணி முதல் 8.05 வரை, ஐந்தே நிமிடம், அவரவர் வளவில் நிற்கிறதை எண்ணிப் படிவத்தில் எழுதிக் கொடுங்கள் என்றது. எழுதிக் கொடுத்து இன்றைக்கும் அதே குரங்கு அதே ஓட்டில். எங்கள் வளவில் எண்ணியது பெரியம்மா. விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி, 17 என்று சொல்லி எழுதுவித்தார். நொண்டிக் கடுவனை இரண்டு தரம் எண்ணிவிட்டார் என்று நான் அன்றைக்கே சொன்னேன், கேட்டால்தானே.