இழுத்தது காந்தம், கிழிந்தது கோன்

என் ஸ்பீக்கரில் பாட்டு நன்றாகத்தான் ஓடும். பேஸ், அதாவது அடித்தொண்டை மாதிரி தாழ்ந்த ஒலி, வந்தால் மட்டும் ‘கர்ர்ர்’. தொண்டையில் சளியோடு யாரோ கூடவே பாடுவது மாதிரி. இரண்டு வாரம் கேபிளைச் சந்தேகப்பட்டேன், போனைச் சந்தேகப்பட்டேன், பாவம், ஆம்ப்ளிஃபயரைக் கூடத் திட்டினேன். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்பீக்கரில் ஆடிச் சத்தம் எழுப்பும் காகிதப் புனல் இருக்கிறதே, அந்தப் பேப்பர் கோனில் நகம் நீளத்துக்கு ஒரு கிழிசல்.

சரி, ஒட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன் பாருங்கள், அங்கே பிடித்தது சனி.

முதலில் கழற்ற விட்டால்தானே! நாலு ஸ்க்ரூவை வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? முன்பக்க வலையைப் பசை போட்டு ஒட்டி, ஸ்க்ரூவை ரப்பர் வளையத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். நெம்பி எடுப்பதற்குள் பெட்டியின் பெயிண்ட் போச்சு. ஸ்க்ரூடிரைவரை ஓரமாகத்தான் கொண்டுபோனேன். பின்னாலிருக்கும் காந்தம் வெடுக்கென்று இழுத்து நேராகக் கோனில் குத்தவைத்தது. கிழிசலுக்குத் துணையாக இப்போது ஓர் ஓட்டை.

அடுத்து அறிவுரை. “சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விடு, அஞ்சு நிமிஷ வேலை.” கேட்டது என் தப்பு. காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடுகிறது. பேஸில் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகிற காகிதம் அதை எப்படித் தாங்கும்? ஒட்டிய இடத்தின் ஓரத்திலேயே மறுபடி கிழிந்தது. அந்தச் சொட்டு, கோனை ஆட்டுகிற கம்பிச்சுருளான ‘காயில்’ இருக்கும் இடுக்கில் வழிந்திருந்தால் மொத்தமும் காலி. அங்கே இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கூடக் கிடையாது.

கடைசியில் வேலை செய்தது என்ன தெரியுமா? மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசையில் சொட்டுத் தண்ணீர், டிஷ்யூ பேப்பரில் ஒரே ஓர் அடுக்கு. வெட்டக் கூடாது, கையால் பிய்க்க வேண்டும். அப்போதுதான் ஓரம் கோனோடு படியும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஒரு ராத்திரி காயவிட்டேன். கர்ர்ர் போயே போச்சு. இதை முதலிலேயே யாராவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

சந்தோஷம் ஒரு மணி நேரம். ஜோடி ஸ்பீக்கரையும் பார்த்துவிடலாமே என்று விரலை வைத்தேன். கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் பழைய கேக் மாதிரி உதிர்ந்து கையோடு வந்தது. பாட்டே போடாமல் மூடி வைத்தாலும் 10, 15 வருடத்தில் காற்றின் ஈரத்திலேயே இற்றுவிடும் சாமான் அது. தெரிந்தேதான் போட்டு விற்றிருக்கிறார்கள்!

கடையில் வளையம் மட்டும் கேட்டால், “அந்த மாடல் நிறுத்தியாச்சு, புது ஜோடி வாங்கிக்கோங்க.” பெட்டி இருக்கிறது, காந்தம் இருக்கிறது, 8 ஓம் ‘காயில்’ மல்டிமீட்டரில் 6 காட்டுகிறது, அதற்கு அது சரியான அளவுதான். விரல் அகல ஃபோமுக்காக அத்தனையையும் குப்பையில் போடவா? போங்கய்யா! அந்த ஸ்கேல் எங்கே போச்சு, விட்டத்தை அளக்க வேண்டும்.