அந்த ஸ்லாட்டில் என்ன போகும் என்று எழுதி வைப்பதில் என்ன கஷ்டம்?

பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டியை, அதாவது கோப்புகளைச் சிப்புகளில் சேமிக்கும் டிரைவை, மாற்றுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பின்மூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பழையதை உருவி, புதியதைச் செருகி, ஒரு ஸ்க்ரூவை முடுக்கினால் முடிந்தது. ஆனால் அந்தச் சின்ன வேலைக்கு முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: என் லேப்டாப்பில் எந்த எஸ்எஸ்டி வேலை செய்யும்? இதற்குப் பதில் தேடித் தேடியே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. யாருக்குமே தெரியாத விஷயம் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். லேப்டாப்பின் முக்கிய சர்க்யூட் போர்டான மதர்போர்டை வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். எஸ்எஸ்டி செருகும் ஸ்லாட்டுக்கு எந்த இணைப்பை இழுத்தோம் என்பது அவர்களுடைய வரைபடத்திலேயே இருக்கிறது. தெரிந்துகொண்டே சொல்லாமல் இருக்கிறார்கள். என் ஆத்திரம் முழுக்க அதன் மேல்தான்.

என் மாடலுக்கான அதிகாரப்பூர்வப் பக்கத்தில் "256 ஜிபி எஸ்எஸ்டி" என்று ஒரே ஒரு வரி. பழைய, மெதுவான சாட்டா இணைப்பா, புதிய, வேகமான என்விஎம்இயா, எந்த நீளம், தகவல் ஓட எத்தனை பாதை (லேன்), எதுவும் கிடையாது. பெட்டியோடு வந்த கையேட்டில் தண்ணீர் படக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது என்று பல மொழிகளில் எச்சரிக்கை இருக்கிறது. ஸ்லாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டேன். எடுத்த தம்பி பொறுமையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருடைய திரையிலும் அதே ஒரு வரிதான் இருந்திருக்கும். "உங்க மாடலுக்கு சப்போர்ட் முடிஞ்சிருச்சு சார், புது மாடல் பார்க்கலாமே" என்றார். அப்படிச் சொல்லத்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் புது லேப்டாப் கேட்கவில்லை. நான் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லையா?

மெல்லிய பட்டை போன்ற எஸ்எஸ்டி கார்டைச் செருகும் இந்த எம்.2 ஸ்லாட் இருக்கிறதே, அதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் தாய். வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே சிலது சாட்டா மட்டும் பேசும், சிலது என்விஎம்இ மட்டும் பேசும், சிலது இரண்டும் பேசும். எஸ்எஸ்டியின் முனையில் வெட்டுத்தடம் வைத்திருக்கிறார்கள், பி கீ, எம் கீ என்று. தவறான கார்டு தவறான இடத்தில் போகக் கூடாது என்பதற்குத்தான் அந்த வெட்டு. ஆனால் எம்.2 சாட்டா கார்டுகள் பெரும்பாலும் இரண்டு வெட்டுகளோடும் வருகின்றன. அதனால் எம் கீ ஸ்லாட்டிலும் அழகாக உட்கார்ந்துவிடும். அந்த ஸ்லாட் என்விஎம்இ மட்டும் பேசுவதாக இருந்தால்? கார்டு உள்ளே போகும், ஸ்க்ரூ பிடிக்கும், மூடியும் மூடும். பயாஸில், அதாவது லேப்டாப்பைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில், போய்ப் பார்த்தால் அப்படி ஒரு டிரைவே இல்லை என்று காட்டும். எம் கீ வடிவத்தில் ஸ்லாட்டை வைத்துவிட்டு உள்ளே சாட்டா மட்டும் இணைத்த லேப்டாப்புகளும் உண்டு. அங்கே என்விஎம்இ கார்டை வைத்தால் அதே கதை தலைகீழாக நடக்கும். எதுவும் எரியாது, புகையாது. வெறுமனே ஒன்றும் நடக்காது. கார்டு கெட்டதா, ஸ்லாட் கெட்டதா, பயாஸ் பழசா என்று உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். கடையில் திருப்பிக் கொடுக்கப் போனால், பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே என்பார்கள்.

பொருந்தாததைப் பொருந்துவதுபோல் செய்து வைத்துவிட்டு, எது பொருந்தும் என்று சொல்லவும் மாட்டேன் என்றால், இதை வேறு எந்தத் தொழிலிலாவது சகித்துக்கொள்வோமா?

அடுத்தது நீளம். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 என்று குட்டை வகைகளும் இருக்கின்றன. கடைகளில் எளிதாகக் கிடைப்பது 2280. பழைய லேப்டாப்புகள் சிலவற்றில் இடம் இருப்பது 2242க்கு மட்டும். மெல்லிய லேப்டாப்பாக இருந்தால் இன்னொரு தலைவலி, இரண்டு பக்கமும் சிப் வைத்த கார்டு உட்காராமல் முட்டும். இதெல்லாம் மூடியைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். கழற்றுவதையாவது எளிதாக வைத்தார்களா? ஸ்க்ரூக்களை ரப்பர் காலுக்கு அடியில் ஒளித்து வைக்கிறார்கள். அந்த ரப்பரை ஒரு முறை உரித்தால் பசை போய்விடும், அப்புறம் லேப்டாப் மேசையில் ஆடும். மூடியைச் சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கிகள், ஒவ்வொன்றும் உடைந்தது போன்ற சத்தத்தோடுதான் விடும். காலியாக ஒரு ஸ்லாட் கொடுத்தால் அதற்கான ஸ்க்ரூவைக் கொடுப்பதில்லை. இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு துண்டு உலோகம்! அதைத் தேடி வாங்க இன்னொரு அலைச்சல்.

ஸ்க்ரூவை மிச்சம் பிடித்தது போதாது என்று கேபிளையும் மிச்சம் பிடிக்கிறார்கள். சில லேப்டாப்புகளுக்குள்ளே 2.5 அங்குல டிரைவுக்கு ஒரு குழி இருக்கும், மதர்போர்டில் இணைப்பும் இருக்கும். ஆனால் எம்.2 எஸ்எஸ்டியோடு விற்ற மாடல் என்றால், அந்தக் குழிக்கும் போர்டுக்கும் நடுவே வர வேண்டிய பட்டைக் கேபிளும் பிடிமானத் தட்டும் இருக்காது. அது அந்த மாடலுக்கென்றே செய்த கேபிள், வேறு எதுவும் பொருந்தாது. தனியாகக் கேட்டால் ஸ்டாக் இல்லை. குழியைக் கொடுத்துவிட்டு கேபிளைக் கொடுக்காமல் இருப்பதற்கு ஒரே ஒரு நியாயமான காரணம் யாராவது சொல்லுங்கள்.

சரி, வேகத்துக்கு வருவோம். சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும், அதற்கு மேல் அந்த இணைப்பில் இடமில்லை. என்விஎம்இ ஓடும் இணைப்பான பிசிஐஇயில் மூன்றாம் தலைமுறை (3.0), நான்கு லேன் என்றால் 3,500 எம்பி வரை போகும், இரண்டு லேன் மட்டும் இழுத்திருந்தால் அதில் பாதி. கடையிலோ 7,000 எம்பி என்று பெரிய எழுத்தில் போட்ட பெட்டியைக் காட்டுகிறார்கள். அது பிசிஐஇ 4.0க்கான எண். மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் போட்டால் வேலை செய்யும், ஆனால் அந்த வேகம் வரவே வராது. வராத வேகத்துக்குக் காசு வாங்குகிறார்கள். இதில் எனக்கு வயிறு எரிவது எங்கே என்றால், ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவருக்கு இந்தப் பெரிய எண்கள் எதுவும் தேவையே இல்லை. நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க் ஒரு சின்ன ஃபைலைத் தேடி எடுக்கவே பத்துப் பதினைந்து மில்லி வினாடி எடுத்துக்கொள்ளும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. லேப்டாப்புக்கு உயிர் வந்தது போல இருப்பது அந்த வித்தியாசத்தால்தான். இதை எந்த விளம்பரமும் சொல்லாது.

விளம்பரம் சொல்லாதது இன்னும் இருக்கிறது. சிப்புக்குள் தகவலைத் தாங்கும் ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சியா, நான்கு பிட் வைக்கும் கியூஎல்சியா என்பது பெட்டியில் பல நேரம் இருப்பதில்லை. கியூஎல்சி டிரைவில் வேகமான தற்காலிகப் பகுதி நிரம்பும் வரைதான் ஓட்டம். நிரம்பிய பின் பெரிய ஃபைல்களை எழுதும்போது ஹார்டு டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடுவதும் உண்டு. இதைவிடக் கொடுமை, விற்பனைக்கு வந்த பிறகு உள்ளே இருப்பதை மாற்றுவது. க்ரூஷியல் நிறுவனத்தின் பி2 எஸ்எஸ்டி டிஎல்சியோடு வந்து நல்ல பெயர் எடுத்தது, பிறகு அதே பெயரில் கியூஎல்சி வைத்து விற்றார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்550இலும் சிப்பை மாற்றினார்கள், தொடர்ந்து எழுதும் வேகம் குறைந்துபோனது. இரண்டும் 2021இல் வெளியே வந்த விஷயங்கள். விமர்சனங்களைப் படித்து, ஒப்பிட்டு, யோசித்து வாங்கியவனுக்கு இவர்கள் கொடுத்த மரியாதை அது. பொருள் மாறினால் பெயரை மாற்று. அதுகூட முடியாதா?

எல்லாம் பொருந்தி வாங்கியாகிவிட்டது என்று வையுங்கள். இனி மென்பொருள் வந்து வழிமறிக்கும். 2013, 2014 வாக்கில் வந்த லேப்டாப்புகள் பலவற்றில் பயாஸுக்கு என்விஎம்இயிலிருந்து பூட் ஆகத் தெரியாது. என்விஎம்இயின் முதல் வடிவம் வந்ததே 2011இல்தான், அதனால் அதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் புதிதாக வந்தவற்றில் இருக்கும் சிக்கலுக்கு மன்னிப்பே கிடையாது. விண்டோஸ் நிறுவப் போனால் டிரைவ் பட்டியல் காலியாக இருக்கும். பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற டிரைவ் நிர்வாக அமைப்பைத் தொழிற்சாலையிலேயே இயக்கி வைத்திருப்பார்கள், அதற்கான டிரைவர் மென்பொருள் விண்டோஸ் நிறுவியில் இருக்காது. தனியாக இறக்கி பென்டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது அந்த அமைப்பை அணைக்க வேண்டும். அணைத்துவிட்டுப் பழைய விண்டோஸைத் திறந்தால் அது நீலத் திரையோடு நின்றுவிடும். ஒற்றை டிரைவ் மட்டுமே இருக்கும் லேப்டாப்பில், பல டிரைவ்களைச் சேர்த்து ஓட்டும் இந்த ரெய்டு அமைப்பு யாருக்காக? அதையாவது ஒரு வரி எழுதி வைத்தார்களா?

டிரைவைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, இதில் மாட்டுகிறவர்கள் இழப்பது தங்கள் சொந்தக் கோப்புகளை. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தால் பல லேப்டாப்புகளில் டிரைவ் தானாகவே பூட்டப்படுகிறது. பூட்டியிருப்பதே உரிமையாளருக்குத் தெரியாது. டிரைவை வெளியே எடுத்து இன்னொரு கணினியில் மாட்டும்போதோ, பயாஸில் கை வைத்த பிறகோ 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். எங்கே போவார்கள்? தயவுசெய்து ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பே அந்தச் சாவியை எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். குழந்தையின் படங்களை இழந்துவிட்டு அழுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய டிரைவில் இருப்பதை அப்படியே புதியதற்கு நகலெடுக்கும் குளோன் வேலையும் இப்போது முன்பு போல் இல்லை. அதற்கு எல்லோரும் நம்பியிருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட் மென்பொருளின் இலவசப் பதிப்பை நிறுத்திவிட்டார்கள். மற்ற பலவற்றில் எல்லாத் திரையும் தாண்டிக் கடைசிப் பொத்தானை அழுத்தும்போதுதான் காசு கேட்கிறார்கள், அது ஏமாற்று வேலை. குளோன்ஜில்லா உண்மையிலேயே இலவசம், நம்பகமானது, ஆனால் புதிதாக வருகிறவரை மிரட்டும் முகம் அதற்கு. குளோன் முடிந்த பிறகும், விண்டோஸ் கெட்டால் சரிசெய்ய ஒதுக்கிய மீட்புப் பார்ட்டிஷன் சி டிரைவுக்கு ஒட்டி உட்கார்ந்துகொள்ளும், புதிதாக வாங்கிய காலி இடத்தை விரிக்க விடாது.

இவ்வளவுக்கும் மாற்ற ஒரு ஸ்லாட்டாவது இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டிய நிலை. 2016இல் டச் பாரோடு வந்த மேக்புக் புரோவில் சேமிப்பை போர்டிலேயே சால்டர் செய்துவிட்டார்கள். 32 ஜிபி ஈஎம்எம்சி சேமிப்புச் சிப்பைப் போர்டிலேயே ஒட்டிய மலிவு விண்டோஸ் லேப்டாப்புகளில் விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் போதாது. அவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் வேறு வழியில்லாதவர்கள், மாணவர்கள். அவர்களுக்கு மாற்று வழியே வைக்காமல் விற்றது அநியாயம்.

செய்ய முடியாது என்ற பேச்சுக்கே இடமில்லை. டெல், லெனோவா, ஹெச்பி மூவருமே தங்கள் மாடல்கள் பலவற்றுக்கு முழு சர்வீஸ் மேனுவலைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள், எந்த ஸ்க்ரூ எங்கே என்பது வரை. ஃப்ரேம்வொர்க் நிறுவனம் தன் லேப்டாப்பின் பாகங்கள் மேலேயே கியூஆர் குறியீடு அச்சடித்துத் தருகிறது. பிரான்ஸில் 2021 முதல் லேப்டாப் விற்கும்போது பத்துக்கு எத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண்ணைக் காட்டியே ஆக வேண்டும், ஆவணங்கள் கிடைக்கின்றனவா என்பதற்கும் அதில் மதிப்பெண் உண்டு. மதர்போர்டில் ஏற்கெனவே ஆயிரம் எழுத்துகள் அச்சாகின்றன. ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் "2280, என்விஎம்இ, பிசிஐஇ 3.0, நான்கு லேன்" என்று ஒரு வரி சேர்த்தால் எந்தத் தொழிற்சாலையும் மூடிவிடப் போவதில்லை.

அவர்கள் எழுதும் வரை, வாங்குவதற்கு முன் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து பாருங்கள். டிரான்ஸ்ஃபர் மோடு என்ற இடத்தில் இப்போதுள்ள டிரைவ் எதில் ஓடுகிறது என்று காட்டும். பிசிஐஇ என்று இருந்தால் என்விஎம்இ, சாட்டா/600 என்று இருந்தால் சாட்டா, சாட்டா/300 என்று இருந்தால் பழைய, பாதி வேக இணைப்பு. அது சாட்டா என்பதால் ஸ்லாட் என்விஎம்இயை ஏற்காது என்று முடிவு கட்டிவிட முடியாது. அதைத் தெரிந்துகொள்ள சர்வீஸ் மேனுவல் வேண்டும், அல்லது அதே மாடலில் செய்து பார்த்த யாராவது சொல்ல வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் பழையது எந்த வகையோ அதே வகையை, அதே நீளத்தில் வாங்குங்கள்.

நான் இனி எந்த லேப்டாப்பையும் திரையின் பளபளப்பைப் பார்த்து வாங்கப் போவதில்லை. முதலில் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடுவேன். அது பொதுவில் இல்லை என்றால் அந்த நிறுவனத்துக்கு என் காசு இல்லை, ஏன் இல்லை என்பதையும் அவர்களுக்கு எழுதி அனுப்புவேன்.