மூன்றாவது அணிக்கு ஒரே ஒரு வரி

சீசன் முடிந்துவிட்டது. எங்கள் கிரிக்கெட் கிளப்பின் ஆண்டறிக்கை நேற்று இரவு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது. முதல் அணி மேல் டிவிஷனுக்குப் போகிறது என்பதால் அதற்கு மூன்று பக்கம், படங்களோடு. இரண்டாவது அணிக்கு ஒரு பக்கம். பெண்கள் அணி, மூத்தோர் அணி, சிறுவர் அணிகள் எல்லாருக்கும் சேர்த்து அரைப் பக்கம். நான் கேப்டனாக இருக்கும் மூன்றாவது அணிக்கு ஒரே ஒரு வரி: "மூன்றாவது அணி பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடத்தைப் பிடித்தது."

அந்தப் 'பிடித்தது' என்ற சொல்லை ரசித்தேன். இந்த சீசனில் நாங்கள் எதையுமே பிடிக்கவில்லை. கைக்கு நேராக வந்த கேட்சைக்கூட.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வயிற்றெரிச்சல் பதிவு இல்லை. முதல் அணி நன்றாக ஆடித்தான் ஜெயித்தது. கடைசி மேட்சில் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கத்தியதில் எனக்கு இரண்டு நாள் குரலே வரவில்லை. ஆனால் அந்த மூன்று பக்கத்தில், அந்த அணி ஒவ்வொரு வாரமும் எப்படிப் பதினோரு பேராக நின்றது என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை நான் எழுதிவிடுகிறேன்.

வியாழன் இரவு மூன்று அணிகளும் அறிவிக்கப்படும். பார்க்க அழகாக இருக்கும், ஒவ்வொன்றிலும் பதினோரு பெயர். வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு முதல் அணியின் தொடக்க ஆட்டக்காரருக்குக் காய்ச்சல். இரண்டாவது அணியிலிருந்து ஒருவரை மேலே எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது அணிக் கேப்டன் உடனே எனக்குப் போன் செய்வார். "அண்ணா, ஒரே ஒருத்தர்தான், கொடுத்திடுங்க." கொடுத்துவிடுவேன். பத்தரை மணிக்கு முதல் அணியின் வேகப்பந்து வீச்சாளருக்கு வீட்டில் ஏதோ விசேஷம். மறுபடி அதே வரிசை. நான் யாருக்குப் போன் செய்வது? ஏணியின் கடைசிப் படி நான். எனக்குக் கீழே இருப்பது பதினைந்து வயதுப் பையன்களும், "ஆள் கிடைக்கவே இல்லைன்னா மட்டும் கூப்பிடு" என்று சொல்லி வைத்திருக்கும் ஐம்பதைத் தாண்டியவர்களும்தான்.

ஆக சனிக்கிழமை காலையில் ஒன்பது பேர்.

ஒன்பது பேரோடு ஆடக்கூடாதா என்றால், தாராளமாக ஆடலாம். கிரிக்கெட் சட்டத்தின் முதல் விதியே இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் பதினோரு பேருக்குக் குறைவாகவோ கூடுதலாகவோ வைத்து ஆடலாம் என்கிறது. களத்தில் ஒரே நேரத்தில் பதினோரு பேருக்கு மேல் ஃபீல்டிங் செய்யக்கூடாது, அவ்வளவுதான். சட்டம் பெரிய மனதோடு இருக்கிறது. மைதானம் அப்படி இல்லை. பவுலரையும் கீப்பரையும் கழித்தால் மிச்சம் ஏழு பேர். முதலில் தேர்ட் மேனை, அதாவது கீப்பருக்குப் பின்னால் எல்லைக்கோட்டருகே நிற்பவரை, எடுத்துவிடுவேன். பேட்டின் விளிம்பில் பட்டுப் போகும் எட்ஜ் எல்லாம் நான்காகும். பரவாயில்லை, வேகமாகப் போடுகிறவன் ஒருவன்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். அடுத்து ஸ்லிப், கீப்பருக்குப் பக்கத்தில் கேட்சுக்காக நிற்பவர். சுழல்பந்துக்கு ஸ்லிப் இல்லாமல் ஆடுவது எனக்கு உடம்பில் ஒரு பாகம் குறைந்த மாதிரி இருக்கும், ஏனென்றால் நானே ஆஃப் ஸ்பின்னர். எதிரணி ஆட்டக்காரர்கள் முட்டாள்கள் இல்லை. இரண்டாவது ஓவருக்குள் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துவிடுவார்கள். டீப் மிட்விக்கெட் என்ற எல்லைக்கோட்டருகே உள்ள இடத்தில் ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு எந்தப் பந்தும் அங்கேதான் போகும், வைடாக வீசினாலும் இழுத்து அங்கேதான் அடிப்பார்கள். ஓடிப் போய்ப் பொறுக்கி வருகிறவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

என் டயரியில் குறித்து வைத்திருக்கிறேன். பதினான்கு மேட்ச் ஆடினோம். பதினோரு பேரோடு இறங்கியது ஆறில் மட்டும். அந்த ஆறில் நான்கு வெற்றி. மீதி எட்டில் ஒன்று கூட இல்லை. அறிக்கை எழுதியவர் கேட்டிருந்தால் டயரியைக் கொடுத்திருப்பேன்.

நடுவில் ஒரு மேட்சில் எங்கள் கீப்பரே மேலே முதல் அணிக்குப் போய்விட்டார். சந்தோஷமாகத்தான் அனுப்பினோம். எங்களுடைய கீப்பிங் கையுறையும் அவர் பையிலேயே போய்விட்டது என்பது டாஸ் போட்ட பிறகுதான் தெரிந்தது. அன்று கீப்பராக நின்றவர் வெறுங்கையோடு நின்றார். ஸ்கோர் புத்தகத்தில் 'பை', அதாவது பேட்டில் படாமல் கீப்பரைத் தாண்டிப் போன ரன், மட்டும் இருபத்தாறு. அதைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

இந்தச் சங்கிலி எங்களை மட்டும் அடிக்கவில்லை. இரண்டாவது அணி 'நூலிழையில்' வாய்ப்பைத் தவறவிட்டது என்று அறிக்கை சொல்கிறது. நூலிழை என்பது நெட் ரன் ரேட், ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்த கணக்கு. புள்ளிகள் சமம், ரேட்டில் பின்தங்கினார்கள். ஒரே ஒரு மேட்சில்தான் அந்த ரேட் செத்தது. நாற்பது ஓவர் மேட்சில் 22 ஓவரில் 90 ரன்னுக்கு ஆல் அவுட். பலபேர் இதை ஓவருக்கு நாலு ரன்னுக்கு மேல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆல் அவுட் ஆகிவிட்டால் கணக்கில் முழு நாற்பது ஓவரும் எடுத்துக்கொள்ளப்படும். 90ஐ 40ஆல் வகுத்தால் 2.25. நாலு ரன் என்று நினைத்த இடத்தில் கிட்டத்தட்ட பாதி. அன்று அவர்களுடைய மூன்றாம், நான்காம் இடத்து ஆட்டக்காரர்கள் இரண்டு பேரும் முதல் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவருக்கு பேட்டிங்கே வரவில்லை. எட்டு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்த மேட்ச் அது. பெவிலியனில் பேட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்பார்களே, அந்தக் கதைதான்.

சரி, இதெல்லாம் புள்ளி, ரேட். மறந்துவிடலாம். மறக்க முடியாதது ஒன்று இருக்கிறது, அதில் எனக்கும் பங்குண்டு.

நம் பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணியில் ஒரு வேகப்பந்து வீச்சாளன். பெயர் வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். புதன்கிழமை மாலை அவன் வயது அணிக்கு ஆடுவான். சனிக்கிழமை எனக்கு. ஞாயிறு, ஆள் இல்லை என்றால், இரண்டாவது அணிக்கு. நடுவில் வலைப்பயிற்சி, அங்கே முதல் அணி ஆட்டக்காரர்கள் "இன்னும் ஆறு பந்து போடுப்பா" என்பார்கள். எந்தப் பையன் மாட்டேன் என்பான்? வளரும் வயதில் கீழ் முதுகெலும்பு முழுதாக உறுதியாகியிருக்காது. வேகமாக ஓடி வந்து முன்காலை ஊன்றி, உடம்பை வளைத்துத் திருப்பி வீசும்போது திரும்பத் திரும்ப அதே இடத்தில் பளு விழுகிறது. இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு அங்கே மெல்லிய விரிசல் வருவது கிரிக்கெட்டில் நன்றாகத் தெரிந்த காயம். அதற்காகத்தான் வயதுக்கு ஏற்ப ஒரு ஸ்பெல்லுக்கு (இடைவெளி விடாமல் வீசும் ஒரு சுற்றுக்கு) இத்தனை ஓவர், ஒரு நாளைக்கு இத்தனை ஓவர் என்று வரம்பு வைக்கிறார்கள். நாங்கள் யாருமே அந்த வரம்பை மீறவில்லை. மூன்று கேப்டன்கள், மூன்று ஸ்கோர் புத்தகங்கள், மூன்றிலும் கணக்கு சரியாக இருந்தது. மூன்றையும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

சீசனில் பாதி முடிவதற்குள் முதுகுவலி. ஸ்கேன். மீதி சீசன் முழுக்க ஓய்வு. அவன் அம்மா என்னிடம் கோபப்படவே இல்லை. "நீங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இதற்கு நேரெதிர் ஒரு பையன். அவனை நாங்கள் ஆடவிடாமலே இழந்தோம். 'நாங்கள்' என்ன, நான்தான். பத்தாவது ஆள் வேண்டுமே என்று கூப்பிட்ட பையன். நான்கு வாரம் வந்தான். பத்தாம் இடத்தில் பேட்டிங், பவுலிங் கிடையாது, பவுலருக்குப் பின்னால் எல்லைக்கோட்டருகே இருக்கும் லாங் ஆனிலிருந்து மறுமுனை லாங் ஆனுக்கு நடை. நான்கு மேட்சில் அவன் சந்தித்தது மூன்றே பந்து. ஐந்தாவது வாரம் போனை எடுக்கவில்லை. ஜெயிக்க முடியாத மேட்சைக்கூட ஜெயித்துவிடலாம் என்ற நப்பாசையில், ஏற்கெனவே தெரிந்த அதே நாலு பேரைத்தான் திருப்பித் திருப்பிப் பந்துவீச வைத்தேன். பத்துப் பேரோடு இறங்கிய மேட்சில் என்ன வெற்றி வேண்டிக் கிடக்கிறது? அவனுக்கு ஐந்து ஓவர் கொடுத்து அறுபது ரன் போயிருந்தால்தான் என்ன?

பெண்கள் அணியைப் பற்றி நான் பேசுவதைவிட அவர்களே பேசினால் நன்றாக இருக்கும். ஒன்று மட்டும். பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 1973இல் நடந்தது, ஆண்களுக்கு 1975இல்தான். வரலாற்றில் முன்னால் வந்தவர்களுக்கு நம் மைதானத்தில் நேரம் கிடைப்பது எல்லாரும் ஆடி முடித்த பிறகு. பயிற்சிக்கு அவர்களிடம் தரப்படுவது நம் அணிகள் அடித்து நைந்துபோன பழைய பந்து. ஆண்கள் பந்து 156 முதல் 163 கிராம் வரை, பெண்கள் பந்து 140 முதல் 151 வரை, சுற்றளவும் கொஞ்சம் குறைவு. சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. வாரம் முழுக்க ஒரு பந்தைப் பிடித்துப் பழகிவிட்டு மேட்சில் வேறு பந்தைப் பிடிக்கச் சொன்னால் விரல் குழம்பத்தான் செய்யும். இதற்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம், ஒரு பெட்டி பந்து போதும்.

மூத்தோர் அணி ஆடிய நான்கிலும் தோற்றது. ஆனால் இந்த சீசனில் நான் அதிகம் சிரித்தது அவர்கள் மேட்சில்தான். மேட்சின்போது காயம்பட்டால் தனக்குப் பதிலாக ஓட ஒரு ரன்னரை வைத்துக்கொள்ளலாம். சர்வதேசப் போட்டிகளில் 2011இல் நிறுத்திவிட்டார்கள், பொதுச் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. ஒரு கட்டத்தில் இரண்டு பக்கமும் தொடைப்பிடிப்பு, இரண்டு பக்கமும் ரன்னர். ஒரு ரன்னுக்கு நாலு பேர் "வா, வா", "நோ, நோ" என்று நாலு விதமாகக் கத்த, காயம்பட்டவரும் பழக்க தோஷத்தில் ஓட ஆரம்பித்தார். அவுட் யார் என்று முடிவு செய்ய அம்பயருக்கு ஐந்து நிமிடம் ஆனது.

அப்புறம் விருது. கிளப்பின் சிறந்த பேட்டிங் சராசரி இந்த வருடம் எங்கள் பதினோராம் இடத்து ஆளுக்கு. கிண்டல் செய்தீர்கள், பார்த்தேன். 1953இல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்து சுற்றுப்பயணம் போனபோது பில் ஜான்ஸ்டன் என்ற பந்துவீச்சாளர் பதினேழு இன்னிங்ஸில் ஒரே ஒரு முறைதான் அவுட் ஆனார். மொத்தம் 102 ரன், அதை அவுட் ஆன எண்ணிக்கையால் வகுத்தால் சராசரியும் 102. சுற்றுப்பயண முதல்தர ஆட்டங்களில் அணியிலேயே அதுதான் முதலிடம். எங்கள் ஆளுக்குச் சராசரி 31தான், கொஞ்சம் அடக்கமானவர்.

அடுத்த வாரம் தேர்வுக்குழு கூடுகிறது. அங்கே நான் கேட்கப்போவதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளி மாலை ஆறு மணிக்குப் பிறகு கீழ் அணியிலிருந்து ஆளை எடுப்பவர், அந்த இடத்துக்கு இன்னொரு ஆளைத் தேடித் தரும் வேலையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். போன் செய்வது அவர் பொறுப்பு, என் பொறுப்பு இல்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பவுலரும் எல்லா அணிகளிலும், வலைப்பயிற்சியிலும் போட்ட ஓவர்களை ஒரே தாளில் ஒரே ஆள் எழுத வேண்டும். ஸ்கோரர்கள் யாராவது முன்வந்தால் நன்றாக இருக்கும், மூன்று கேப்டன்களையும்விட அவர்களுக்குத்தான் கூட்டல் தெரியும். மூன்றாவது அணியில் யார் ஆடினாலும் முதல் ஆறு இடத்துக்குள் பேட்டிங் அல்லது குறைந்தது நாலு ஓவர், இரண்டில் ஒன்று கட்டாயம். இந்தக் கடைசி விதி எனக்கு நானே போட்டுக்கொள்வது.

"லீக் என்றால் சீரியஸ், திறமைசாலி மேலே போகத்தான் வேண்டும்" என்பார்கள். போகட்டும். இன்று மேல் டிவிஷனுக்குப் போகும் அணியில் மூன்று பேர் முதல் மேட்ச் ஆடியது மூன்றாவது அணிக்குத்தான். அதில் ஒருவருக்கு கார்ட் எடுப்பது, அதாவது ஸ்டம்புக்கு நேராகத் தான் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வது, எப்படி என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான். அடுத்த வருடம் அங்கே பந்து இன்னும் வேகமாக வரும், ஆட்கள் இன்னும் அதிகம் தேவைப்படுவார்கள். மறுபடி வெள்ளி இரவு என் போன்தான் அடிக்கும். எடுப்பேன், கொடுப்பேன்.

போனை எடுக்காத அந்தப் பையனுக்கு நேற்று ஒரு செய்தி அனுப்பினேன், அடுத்த சீசன் முதல் மேட்சில் நான்காம் இடம் என்று. நீல டிக் வந்திருக்கிறது, பதில் வரவில்லை.

முதல் அணிக் கிட் பையை யார் வைத்திருந்தாலும் சரி, அதன் அடியில் ஒரு ஜோடி கீப்பிங் கையுறை இருக்கும். இடது கட்டைவிரலில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். அது எங்களுடையது.