இலைச் சீட்டும் நெட் ஜீரோவும்

கோத்தகிரி போகிற ரோட்டில் புதிதாக ஒரு ரிசார்ட் வந்திருக்கிறது. வாசலில் பச்சை நிறத்தில் பெரிய பலகை, ‘நெட் ஜீரோ விடுதி’ என்று. போன வாரம் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது மூடுபனி இறங்கிவிட்டதால் வண்டியை ஓரம் கட்டினேன், சரியாக அந்தப் பலகைக்குக் கீழே. அப்பா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “எதுக்குடா நெட்டு? காட்டுப்பன்னி உள்ள வராம இருக்கவா?” என்றார். உள்ளே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கரண்ட் இல்லை.

பாரிஸ் ஒப்பந்தம், ஐநா என்றெல்லாம் ஆரம்பித்து, பாதியில் எனக்கே அலுத்துவிட்டது. அப்புறம்தான் இலைச் சீட்டு ஞாபகம் வந்தது. தேயிலை வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாசம் முழுக்க ஃபேக்டரிக்குப் பச்சை இலை போடுவோம். மாசக் கடைசியில் ஒரு சீட்டு வரும். இத்தனை கிலோ, கிலோவுக்கு இவ்வளவு விலை, ஆக மொத்தம் இவ்வளவு. அதற்குக் கீழே கழிவு வரிசை ஆரம்பிக்கும்: இலை ஈரமாக இருந்ததற்கு, வண்டி வாடகைக்கு, உரத்துக்கு, நடுவில் வாங்கிய அட்வான்ஸுக்கு. எல்லாம் போக அடியில் ‘நிகரத் தொகை’ என்று ஒரு கட்டம். ஒரு வருஷம் அக்கா கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கி, மூன்று மாசம் தொடர்ந்து அந்தக் கட்டத்தில் பூஜ்யம் வந்தது. நாங்கள் இலை பறிக்காமல் இல்லை, அம்மாவின் விரல் வெடித்ததும் நிற்கவில்லை. வந்ததும் கழிந்ததும் சமம், அவ்வளவுதான்.

“புகை போகும், போற அளவுக்கு யாராவது புடிச்சு வைக்கணும், சரியா?” என்றார் அப்பா. சரிதான். அதை விடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது. நெட் ஜீரோ என்றால் புகையே இல்லாத உலகம் இல்லை. காற்றுக்குள் நாம் விடும் கரியமில வாயுவும் காற்றிலிருந்து நாம் வெளியே எடுப்பதும் சமமாகிற நிலைமை. அடுத்து அவர் கேட்டதுதான் கேள்வி: “கழிவை யாரு எழுதறது?”

அந்தக் கேள்விதான் ஒரு வாரமாக மண்டைக்குள் ஓடுகிறது.

சமமாக வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்குச் சண்டை இல்லை. தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த வாயு மேலே போனால் சீக்கிரத்தில் இறங்காது, அதில் ஒரு பங்கு ஆயிரம் வருஷம் கழித்தும் அங்கேயே இருக்கும். அதனால் வருஷா வருஷம் விடுவதைக் கொஞ்சம் குறைத்தால் மட்டும் சூடு நிற்காது, குழாயைக் கொஞ்சம் திருகினாலும் தொட்டி நிரம்பிக்கொண்டுதானே இருக்கும். சூடு மேலே ஏறாமல் நிற்க வேண்டுமானால் நிகரம் பூஜ்யத்துக்கு வந்தாக வேண்டும். தொழிற்புரட்சிக்கு முன்னால் இருந்ததை விடச் சூடு ஏறுவதை 1.5 டிகிரிக்குள் நிறுத்த உலகம் சுமார் 2050-க்குள் அங்கே வர வேண்டும் என்று ஐநாவின் விஞ்ஞானிகள் குழு 2018-இல் சொன்னது. 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த பருவநிலை மாநாட்டில் இந்தியா சொன்ன வருஷம் 2070. சீனா 2060 என்கிறது.

2070 ரொம்பத் தள்ளி என்று கிண்டல் செய்கிறவர்களுடன் நான் சேர மாட்டேன். ஒரு அமெரிக்கர் வருஷத்துக்குச் சுமார் 14 டன் விடுகிறார், நம் ஆள் சராசரி 2 டன். அந்தச் சராசரிக்குள்ளும் ஏசி ரூமில் தூங்குகிறவரும் இருக்கிறார், எங்கள் லைனில் ஒரு பல்பு எரிக்கிற பாட்டியும் இருக்கிறார். முதலில் விருந்து சாப்பிட்டவர்கள் முதலில் இலையை மடிக்கட்டும். ஆனால் 2070-இல் எனக்கு 84 வயது. அன்றைக்கு நிகரம் வந்ததா என்று பார்க்க, இன்றைக்கு வாக்குக் கொடுத்தவர்களில் யார் இருப்பார்கள் என்ற நினைப்பும் வராமல் இல்லை.

சரி, கழிவுக்கு வருகிறேன். இந்த ரிசார்ட் மாதிரி இடங்களில் கழிவு என்றால் மரக்கன்று. போன ஜூனில் இதே மாதிரி ஒரு நடவு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தொப்பி, டீ-ஷர்ட், ஆளுக்கொரு கன்று, போட்டோ. நட்ட இடம் ஒரு புல் மேடு. “சும்மா கிடக்கிற நிலம்” என்று மைக்கில் சொன்னார்கள். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் என் காதோடு, “சும்மா கிடக்குதா? கீழ இருக்கற ஓடை எங்கிருந்து வருதுன்னு நினைக்கறாங்க?” என்றார்.

இந்த மலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரிவது கஷ்டம். நீலகிரியின் மேல் பகுதியில் பள்ளத்தில் சோலைக்காடு, மேட்டில் புல், அதுதான் இயற்கை. புல் என்பது மரம் முளைக்கத் தவறிய இடம் கிடையாது. மழையைப் பஞ்சு மாதிரி வாங்கி வைத்துக்கொண்டு, மாசி பங்குனி வரைக்கும் கசியவிடுவது அந்தப் புல்லும் அதன் வேரும் அடியில் இருக்கிற கறுத்த மண்ணும்தான். கார்பனும் பெரும்பாலும் அந்த மண்ணுக்குள்ளேதான். தீப்பிடித்தால் மேலே புல் எரியும், உள்ளே இருப்பது பெரும்பாலும் தப்பிக்கும், அடுத்த மழைக்குத் திரும்பவும் பச்சை. இதைத் தரிசு என்று முதலில் எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள். சோலையை விறகுக்கு வெட்டித் தீர்த்ததும், விறகுக்காகப் புல் மேட்டில் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் ஆட்கள் தோல் பதனிடவும் ரேயான் கூழுக்கும் என்று அதையே இன்னும் பெரிதாகச் செய்தார்கள். இன்றைக்கு அந்தச் சீகையைப் பிடுங்கிப் புல்லை மீட்கச் சொல்லி ஹைகோர்ட் வரைக்கும் போயாகிவிட்டது. ஒரு கையால் பிடுங்கிக்கொண்டே இன்னொரு கையால் கார்பன் பெயரைச் சொல்லி நடுகிறோம். இதற்குச் சிரிப்பதா அழுவதா.

நான் மரத்துக்கு எதிரி இல்லை. சோலை அழிந்த இடத்தில் சோலை மரம் வையுங்கள், நானே குழி தோண்ட வருகிறேன். ஆனால் கணக்கில் ஒரு கோளாறு இருக்கிறது. நிலக்கரி கோடிக்கணக்கான வருஷம் பூமிக்கடியில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கிடந்தது. அதை எரித்துவிட்டு அந்தக் கார்பனை மரத்தில் வைக்கிறோம். ஒரு டன் காய்ந்த மரத்துக்குள் சுமார் 1.8 டன் கரியமில வாயுவுக்குச் சமமான கார்பன் இருக்கும், அது உண்மை. அது அங்கே எத்தனை நாள் இருக்கும்? 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் காடு எரிந்தது, விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. புகை போன பிறகு அந்த மரங்களை யாருடைய சீட்டிலிருந்து அடிப்பார்கள்? பேங்கில் போட வேண்டியதைப் பஸ் ஸ்டாண்டில் தெரியாத ஆளிடம் கொடுத்துவைத்த மாதிரி.

எங்கள் பக்கமும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். சுமார் நாலரை கிலோ பச்சை இலைதான் ஒரு கிலோ தூளாகும், மீதி ஈரத்தை விரட்ட ஃபேக்டரி அடுப்பில் விறகு எரிய வேண்டும். விறகு திரும்ப வளரும், அதனால் அது பூஜ்யம் என்று எழுதிக்கொள்கிறார்கள். வெட்டின இடத்தில் திரும்பவும் வளர்ந்தால் சரி. வளர்ந்ததா என்று பார்க்கப் போன ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை.

ரிசார்ட் சீட்டில் எது வரவே இல்லை என்று யோசித்தால் இன்னும் வேடிக்கை. பல்பு வரும், கீசர் வரும், சமையல் சிலிண்டர் வரும் (14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு). விருந்தாளி வந்த கார் வராது. கோயம்புத்தூரிலிருந்து ஊட்டி சுமார் 86 கிலோமீட்டர். போய் வர 13 லிட்டர் பெட்ரோல் என்று வையுங்கள், லிட்டருக்கு 2.3 கிலோ, ஆக ஒரு காருக்கு 30 கிலோ. சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6000 வண்டி, சனி ஞாயிறில் 8000 என்று 2025-இல் ஹைகோர்ட் வரம்பு போட்டதே, அந்த 6000-ஐ இந்த 30-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஒரு நாளைக்கு 180 டன். தோராயக் கணக்குத்தான். பெங்களூரு கார்களைச் சேர்த்தால் இன்னும் ஏறும். அதற்காக வண்டிக்காரர்கள் வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸை எல்லாரும் திட்டினார்கள், எங்கள் மாமாவும் திட்டினார், அவருக்கு லாட்ஜ் இருக்கிறது. என்னைக் கேட்டால் அத்தனை கன்றுகளையும் விட மேட்டுப்பாளையத்திலிருந்து அரை மணிக்கு ஒரு நல்ல பஸ் விட்டால் கணக்கு நேராகும்.

இந்த மலை ஏற்கெனவே கொடுத்ததையும் யாரும் வரவில் எழுதுவதில்லை. பைக்காராவில் 1932-இலிருந்து தண்ணீரில் கரண்ட் எடுக்கிறார்கள், அப்புறம் குந்தா மின் திட்டம் வந்தது, அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி எல்லாம் அதற்காகத் தேங்கிய தண்ணீர். பள்ளத்தாக்குகள் முழுகித்தான் சமவெளியில் மில் ஓடியது. இப்போது 500 மெகாவாட்டுக்கு இன்னொரு குந்தா திட்டம். பகலில் சோலார் கரண்ட் மிஞ்சும்போது கீழ் அணையிலிருந்து மேலே இருக்கிற போர்த்திமந்து அணைக்குத் தண்ணீரை ஏற்றி, சாயங்காலம் எல்லார் வீட்டிலும் விளக்குப் போடும்போது இறக்கி விடுவது. ஏற்ற நாலு யூனிட் செலவானால் திரும்பக் கிடைப்பது மூன்றுதான், இருந்தாலும் நிலக்கரி எரிக்காமல் ராத்திரியைத் தாண்ட இப்படி ஏதாவது வேண்டும். மலையைக் குடைவதில் எனக்குப் பயம் உண்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் போகாது. ஆனாலும் இது வாயு மேலே போகாமலே தடுக்கிற வேலை, கூட்டல் பக்கத்தில் கை வைக்கிற வேலை. போட்டோவுக்கு நன்றாக வராது, அதனால் பலகையும் வைக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. நேற்று அந்த ரிசார்ட்டிலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார், நல்ல மரியாதையான பையன். எங்கள் தோட்டத்துக்கு மேலே அரை ஏக்கர் சதுப்பும் புல்லுமாக இருக்கிறது, அம்மா மாடு கட்டுகிற இடம். அதில் முந்நூறு கன்று வைக்கிறோம், வருஷத்துக்கு ஒரு தொகை தருகிறோம் என்றார். தொகை மோசமில்லை, இந்த இலை விலையில் யாருக்கும் சபலம் வரும். அப்பா டீ கொடுத்து உட்கார வைத்துவிட்டு, “தம்பி, உங்க சீட்டைக் கொண்டு வாங்க. மேல எவ்வளவு, கழிவு எவ்வளவுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்” என்றார்.

கொண்டு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.