கொன்றது யார் என்று எழுதி வையுங்கள்

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட் போய் வருகிறவர்கள் எல்லோரும் டான்யூப் ஆற்றங்கரையில் நினைவுச்சின்னமாக வைத்திருக்கும் இரும்புக் காலணிகளைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். கூடவே ‘நெஞ்சு கனத்தது’ என்று ஒரு வரி. கனக்கத்தான் செய்யும். ஆனால் என்னைக் கேட்டால், அங்கே காலணிகளைவிட முக்கியமானது தரையில் பதித்திருக்கும் சின்னத் தகடுதான்.

1944 அக்டோபரில் ஹங்கேரியில் அம்புச் சிலுவை என்ற பாசிசக் கட்சி ஆட்சிக்கு வந்தது. ஜெர்மனியின் தயவில் வந்த ஆட்சிதான். ஆனால் கட்சி உள்ளூர்க் கட்சி, தலைவர் சாலாஷியும் ஹங்கேரிக்காரர். அந்தக் குளிர்காலத்தில் கட்சியின் ஆயுதக் கும்பல்கள் யூதர்களை இழுத்து வந்து, ஆற்றங்கரையில் வரிசையாக நிறுத்திச் சுட்டன. உடல்களை ஆறே கொண்டுபோய்விடும், புதைக்கிற வேலை மிச்சம். சுடுவதற்கு முன்னால் காலணிகளைக் கழற்றச் சொன்னார்கள். போர்க்காலம், நல்ல தோல் காலணிக்கு விலை இருந்தது.

இந்த இரும்புக் காலணிகள் ஜான் டோகாய் என்ற திரைப்பட இயக்குநரின் யோசனை, ஜூலா பாவர் என்ற சிற்பியின் கைவேலை. 2005 ஏப்ரலில் வைத்தார்கள். நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பக்கத்தில், கரையின் கல் விளிம்பிலேயே 60 ஜோடி. வேலிகூடக் கிடையாது. தொழிலாளியின் பூட்ஸ், குதிகால் உயர்ந்த பெண்கள் காலணி, நடக்கத் தொடங்கிய குழந்தையுடையது. சிலது ஒருக்களித்துக் கிடக்கிறது. துருப்பிடித்த உட்புறத்தில் எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தியும், யூத வழக்கப்படி வைத்த கூழாங்கற்களும் கிடக்கின்றன. (உள்ளே காலை விட்டு செல்ஃபி எடுக்கிறவர்களைப் பற்றி எழுதினால் பதிவு வேறு பக்கம் போய்விடும், விடுகிறேன்.)

சரி, தகட்டுக்கு வருவோம். ஹங்கேரியன், ஆங்கிலம், ஹீப்ரு மூன்றிலும் இருக்கிறது. 1944-45இல் அம்புச் சிலுவை ஆயுதக் கும்பல் டான்யூபில் சுட்டுத் தள்ளியவர்களின் நினைவாக, அவ்வளவுதான். சுட்டவன் யார் என்று சொல்லிவிட்டார்கள், அதுவும் சொந்த ஊர்க்காரனை. ஆனால் ‘யூதர்’ என்ற சொல் அதில் இல்லை. அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அங்கிருந்து நடந்தே சுதந்திரச் சதுக்கத்துக்குப் போய்விடலாம். 2014இல் அரசு வைத்த ‘ஜெர்மன் ஆக்கிரமிப்பில் பலியானோர் நினைவுச்சின்னம்’ அங்கே இருக்கிறது. கபிரியேல் தேவதூதர் ஹங்கேரியாம்; மேலே பாய்கிற கழுகு ஜெர்மனியாம். ஒரு பாவமும் அறியாத நாட்டை வெளியாள் வந்து அடித்தான் என்று கதை. எதிர்ப்பு பலமாக இருந்ததால் இரவோடு இரவாக நிறுவி முடித்தார்கள். முறையான திறப்பு விழாகூட நடத்தவில்லை.

1944 மார்ச்சில் ஜெர்மன் படை நுழைந்தது உண்மைதான். ஆனால் மே 15க்கும் ஜூலை 9க்கும் நடுவில் 4,30,000க்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றினார்களே, பெரும்பாலும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு, அந்த வேலையை யார் செய்தது? யூதர்களை நாடுகடத்தும் வேலைக்கு வந்த நாஜி அதிகாரி ஐக்மனோடு வந்தவர்கள் சில நூறு பேர்கூடத் தேறாது. வீடு வீடாகப் போய்ப் பிடித்தது, செங்கல் சூளைகளில் அடைத்தது, நகைகளைப் பறித்தது, ரயில் பெட்டிகளில் ஆட்களைத் திணித்தது எல்லாம் ஹங்கேரி போலீஸும் அதிகாரிகளும். பல்கலைக்கழகத்தில் யூதர்களுக்கு உச்சவரம்பு வைத்த சட்டம் 1920லேயே வந்துவிட்டது. அப்போது ஹிட்லரை அங்கே யாருக்குத் தெரியும்?

‘முடிந்துபோனதைக் கிளறி என்ன ஆகப்போகிறது’ என்று கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கிளற வேண்டாம் என்றால் சிலையே வைக்காமல் இருந்திருக்கலாமே. வைத்துவிட்டு, பழியை மட்டும் எல்லைக்கு அந்தப்பக்கம் தள்ளுவது மறப்பதைவிட மோசம். செத்தவர்களின் பெயரைச் சொல்லியே செய்கிற மோசடி அது.

நல்லவேளையாக மக்கள் சும்மா இருக்கவில்லை. அந்தச் சிலைக்கு எதிரிலேயே தங்கள் குடும்பத்துப் புகைப்படங்கள், பழைய சூட்கேஸ்கள், மூக்குக்கண்ணாடிகள், கடிதங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். சிலை மாளிகைக் கணக்காக உயர்ந்து நிற்கிறது. அதை வைத்த அரசுக்கான பதில் நடைபாதை ஓரத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கிறது. புடாபெஸ்ட் போனால் இந்தச் சதுக்கத்தை முதலில் பாருங்கள், அப்புறம் ஆற்றுக்குப் போகலாம். அந்தக் காகிதங்களை நின்று படிக்கக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.