ஜூலியஸ் ஷ்வார்ட்ஸும் கடைசிப் பக்கத்துக் கடிதங்களும்

சூப்பர்ஹீரோக்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே மார்வெல் காமிக்ஸின் ஸ்டான் லீ பெயர்தான் முதலில் வருகிறது. வரட்டும், மனிதர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் அவரை அந்தப் பாதைக்குத் தள்ளிவிட்டதே வேறொரு ஆளின் வெற்றி. சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி காமிக்ஸின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ். படம் வரையத் தெரியாது, கதாசிரியர் என்ற பெயரும் கிடையாது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களிடம் வேலை வாங்கியவர்.

1944ல் வேலைக்கான நேர்காணலுக்குப் போகும்வரை அவர் காமிக்ஸே படித்ததில்லை. அறிவியல் புனைகதை எழுத்தாளர்களுக்கு ஏஜெண்டாக இருந்தவர். லவ்கிராஃப்ட், ரே பிராட்பரி கதைகளையெல்லாம் பத்திரிகைகளுக்கு விற்றுக்கொடுத்தவர். நண்பர் ஆல்ஃபிரட் பெஸ்டர் சொல்லித்தான் இந்த வேலை காலியாக இருப்பதே தெரியும். சில காமிக்ஸ்களை வாங்கி, நேர்காணலுக்குப் போகிற ரயிலில் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வேலை கிடைத்துவிட்டது.

அப்புறம் நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் தவிர மற்ற நாயகர்கள் அநேகமாக எல்லோரும் காணாமல் போயிருந்த நேரத்தில், 1956ல், மின்னல் வேகத்தில் ஓடும் ஃபிளாஷை மறுபடி கொண்டுவந்தார். பழைய ஆளைத் தூசி தட்டி எடுக்கவில்லை. பெயரையும் வேகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு ஆளையே மாற்றினார். அடுத்து கிரீன் லேண்டர்ன். 1960ல் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து ஜஸ்டிஸ் லீக். அது விற்ற விற்பனையைப் பார்த்துவிட்டுத்தான் மார்வெல் முதலாளி மார்ட்டின் குட்மன், "நமக்கும் ஒரு குழு வேண்டும்" என்று ஸ்டான் லீயிடம் சொன்னார். 1961ல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் வந்தது.

அவர் வேலை செய்த விதம் வேடிக்கையானது. பல சமயம் அட்டைப்படம்தான் முதலில் தயாராகும், கதை அப்புறம். 1951ல் ஒரு இதழின் அட்டையில் கூண்டுக்குள் ஒரு கொரில்லா, 'நான் ஒரு பயங்கர விஞ்ஞானச் சோதனைக்குப் பலியானவன்' என்று ஒரு பெண்ணுக்கு எழுதிக் காட்டுகிறது. இதழ் பறந்துவிட்டது. உடனே டிசியில் எல்லா ஆசிரியர்களும் கொரில்லா கேட்க ஆரம்பித்து, கடைசியில் மாதத்துக்கு ஒரு கொரில்லாதான் என்று ரேஷன் போடவேண்டி வந்ததாம்.

1961ல் வந்த ஃபிளாஷ் 123ஆம் இதழின் அட்டையும் அப்படித்தான். நடுவே ஒரு சுவர். ஒரு பக்கம் புது ஃபிளாஷ், மறுபக்கம் 1940களின் பழைய ஃபிளாஷ். தலைமேல் இரும்பு உத்தரம் விழப்போகிற ஒரே ஆளைக் காப்பாற்ற இருவரும் ஓடிவருகிறார்கள். இருவரும் எப்படி ஒரே நேரத்தில் இருக்கமுடியும்? அதற்கு விளக்கமாகப் பிறந்ததுதான் ஆளுக்கொன்றாக இரண்டு பூமிகள். இன்று மல்டிவெர்ஸ், அதாவது பல பிரபஞ்சங்கள் என்று கோடிக்கணக்கில் செலவழித்துப் படம் எடுக்கிறார்களே, டிசியில் அதற்கு விதை இங்கே. புது ஃபிளாஷ் சின்ன வயதில் பழைய ஃபிளாஷை காமிக்ஸில் படித்தவன். அந்தக் கதைகளை எழுதிய கார்ட்னர் ஃபாக்ஸின் மனம் தூக்கத்தில் இன்னொரு பூமியைத் தொட்டிருக்கவேண்டும் என்று கதைக்குள்ளேயே விளக்கம் வருகிறது. இதை எழுதியவரும் அதே கார்ட்னர் ஃபாக்ஸ்! என்ன குசும்பு பாருங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், ஷ்வார்ட்ஸின் ஆகப்பெரிய காரியம் ஃபிளாஷும் இல்லை, இரண்டு பூமியும் இல்லை. வாசகர் கடிதப் பக்கம்தான். ஃபிளாஷை இன்றில்லாவிட்டால் நாளை வேறு யாராவது எழுப்பியிருப்பார்கள். ஷ்வார்ட்ஸோ கடிதம் எழுதியவரின் முழு முகவரியையும் அச்சிட்டார். அவ்வளவுதான் செய்தார்.

அவருக்கு இதன் பலன் முன்பே தெரியும். அறிவியல் புனைகதைப் பத்திரிகைகள் முகவரியோடு கடிதம் போட்டதால்தான் அந்த வாசகர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். ஷ்வார்ட்ஸே 1932ல், பதினாறு பதினேழு வயதில், அப்படிச் சேர்ந்த நண்பர்களோடு ரசிகர் பத்திரிகை நடத்தியவர். 1961ல் ஜெர்ரி பெயில்ஸ் என்ற கல்லூரிப் பேராசிரியர் தன்னைப் பார்க்க வந்தபோது, ஷ்வார்ட்ஸ் அந்தப் பழைய கதையைச் சொல்லி உசுப்பேற்றினார். பெயில்ஸ் ஊருக்குத் திரும்பி ஆல்டர் ஈகோ என்ற ரசிகர் பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு ஆள் பிடிக்க உதவியது கடிதப் பக்க முகவரிகள். பெயில்ஸோடு சேர்ந்து அதில் எழுதிய பள்ளி ஆசிரியர் ராய் தாமஸ், பின்னால் ஸ்டான் லீயின் இடத்தில் மார்வெலின் தலைமை ஆசிரியராகவே உட்கார்ந்தார். நல்ல கடிதம் எழுதியவர்களுக்குக் கதையின் அசல் பிரதி, அசல் ஓவியம் என்று அனுப்பியும் வைப்பார் ஷ்வார்ட்ஸ். இன்று அந்த ஓவியங்களின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

பேட்மேனை பாப் கேன் தனியாக உருவாக்கினார் என்றுதான் பல வருடங்கள் உலகம் நம்பியது. பில் ஃபிங்கர் என்ற எழுத்தாளரின் பெயர் எங்கும் இருக்காது. 1960களின் நடுவில் ஷ்வார்ட்ஸ்தான் அதே கடிதப் பக்கத்தில், சிறந்த பேட்மேன் கதைகள் பலவற்றை எழுதியவர் ஃபிங்கர் என்று போட்டு உடைத்தார். பெயில்ஸ் 1965ல் அதை விரிவாக எழுதினார். ஃபிங்கர் 1974ல் இறந்துபோனார். பேட்மேனை உருவாக்கியதில் அவர் பெயரையும் அதிகாரபூர்வமாகச் சேர்க்க டிசி ஒப்புக்கொண்டது 2015ல்.

இதற்காக அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடவேண்டும் என்று சொல்லவரவில்லை. 1960களின் கடைசியில் டிசியின் மூத்த எழுத்தாளர்கள் மருத்துவக் காப்பீடு கேட்டார்கள். ஃபாக்ஸ் உட்படப் பலருக்கு வேலை வருவதே நின்றுபோனது. ஷ்வார்ட்ஸின் வெற்றிகளை எழுதிக் கொடுத்த கைகள் அவை. அவர்கள் வெளியே போனார்கள், அவர் 1980களின் நடுவில் ஓய்வு பெறும்வரை உள்ளேயே இருந்தார். அது தவிர, தங்களிடம் அவர் பாலியல் ரீதியாக அத்துமீறினார் என்று பெண் கலைஞர்கள் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்பான தாத்தா என்றே எழுதப்படும் புகழுரைகளில் இது பெரும்பாலும் வருவதில்லை. அப்படி விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கடிதப் பக்கத்தைப் புகழ்கிற அதே மூச்சில் இதையும் சொல்லவேண்டும்.

படிக்க ஆசைப்படுகிறவர்கள் ஃபிளாஷ் 123ல் தொடங்கலாம். கெட்டி அட்டை போட்டு, நிறத்தைப் பளிச்சென்று திருத்தி, யானை விலைக்கு விற்கிற தொகுப்புகளில் கதைகள் கிடைத்துவிடும். ஆனால் அவற்றில் பெரும்பாலும் கடிதப் பக்கங்களை எடுத்துவிடுகிறார்கள். பழைய இதழ் அப்படியே ஸ்கேனாகக் கிடைத்தால் விடாதீர்கள். கதை முடிந்ததும் மூடிவிடாமல், அடுத்த பக்கத்தையும் படியுங்கள்.